வேலைத் தூரத்தை அளந்து கண்ணாடி வாங்குங்கள்: குமரி மாவட்டத்தில் நாற்பதைக் கடந்தவர்களுக்கு

நாற்பதை ஒட்டி அருகில் உள்ளது மங்கத் தொடங்குவதை வெள்ளெழுத்து என்கிறோம். ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு அது தெரிய வருவது பெரும்பாலும் மரத்தடியில்தான். விடியும் முன்பே, தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், முந்தைய வெட்டின் விளிம்பைக் கண்டுபிடித்துக் கத்தியை வைக்க வேண்டும். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் புதுப் பட்டை சீராக வளராது. கோடு கண்ணுக்குப் பிடிபடாதபோது கை தயங்குகிறது. பால் சிரட்டைக்குப் போகாமல் வெட்டுவாயை விட்டு வழிகிறது. குலசேகரம், அருமனை பக்கத்துத் தோட்டங்களில் இதைத் தூக்கக் குறைவு என்றும் உடம்புத் தளர்ச்சி என்றும் நினைத்துக் கொண்டு ஆண்டுக்கணக்கில் சமாளிப்பவர்கள் உண்டு. அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலையில் பருப்பின் தோலுரிக்கும் அக்காவுக்கும், குளச்சல் கடற்கரையில் வலையின் அறுந்த கண்ணிகளைக் கட்டும் அண்ணனுக்கும், தோவாளையில் மாலை தொடுப்பவருக்கும் இதே கதைதான். இவர்களில் பலருக்குத் தேவைப்படுவது ஒரு சாதாரணக் கண்ணாடி.

ஆனால் எந்தக் கண்ணாடி? கடையில் வயதைக் கேட்டு ஒரு பவரை எடுத்து நீட்டும் வழக்கம் இருக்கிறது. வயது ஒரு தோராயத்தைத் தரும், அவ்வளவுதான். கண்ணுக்கும் கைவேலைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்பதைப் பொறுத்தே பவர் அமைய வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அதைச் சுற்றியே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கண்ணில் என்ன நடக்கிறது

கருமணிக்குப் பின்னால் நம் எல்லோருக்கும் இயற்கையான ஒரு லென்ஸ் இருக்கிறது. அருகில் உள்ளதைப் பார்க்கும்போது அது உப்பிக் கொடுக்கிறது. சிறு வயதிலிருந்தே அந்த இளக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது; நாற்பதை ஒட்டி அது நம் அன்றாட வேலையைத் தொடுகிறது. அறுபதுக்கு மேல் லென்ஸ் ஏறக்குறைய அசைவதே இல்லை. இது எல்லா மனிதருக்கும் வருவது. நரை வருவதைத் தடுக்க முடியாததுபோல் இதையும் தடுக்க முடியாது.

கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும், பவர் ஏறிக்கொண்டே போகும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பவர் ஏறுவது உண்மை. போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். ஐம்பத்தைந்து, அறுபது வயதுக்குப் பிறகு பெரும்பாலும் ஓரிடத்தில் நின்றுவிடும். போடாமல் தள்ளிப்போடுவதால் கிடைப்பது தலைவலியும் வேலை இழப்பும்தான். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு உடனே கண்ணாடி கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். கண்ணாடி அணிந்தவர்களின் பறிப்பு, அணியாதவர்களோடு ஒப்பிடும்போது சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. கொழுந்து பறிப்பதற்கே இவ்வளவு வித்தியாசம் என்றால், முழுப் பருப்பையும் உடைந்த பருப்பையும் தரம் பிரிக்கும் வேலைக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு, வெங்காயச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். லென்ஸின் இளக்கத்தை இவை எதுவும் திருப்பித் தராது. கிருமித் தொற்று வந்தால் கருவிழியில் புண் உண்டாகி, இருக்கிற பார்வையும் போகலாம்.

வீட்டில் செய்யும் முதல் சோதனை

நல்ல பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்காருங்கள். ஒரு செய்தித்தாளை எடுத்து வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில் பிடியுங்கள். முதலில் இடது கண்ணை உள்ளங்கையால் மூடி வலது கண்ணால் மட்டும் படியுங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். மூடும்போது கண்ணை அழுத்த வேண்டாம். இரண்டு கண்ணும் ஒரே அளவில் மங்கி, தாளைத் தள்ளிப் பிடித்தால் இரண்டும் தெளிந்தால் அது வெள்ளெழுத்தின் போக்கு. ஒரு கண் மட்டும் மோசமாக இருந்தால் கடைக்குப் போகாமல் நேரே கண் மருத்துவரிடம் போங்கள். ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் மறைத்துக்கொண்டே வரும் என்பதால், தனித்தனியாக மூடிப் பார்க்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொரு எளிய சோதனை. தடித்த அட்டையில் ஊசியால் ஒரு சிறு துளை போட்டு, அதன் வழியாக அதே எழுத்தைப் பாருங்கள். துளை வழியாகப் பார்க்கும்போது தெளிவானால் கண்ணாடியால் சரியாகக்கூடிய குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். துளை வழியாகவும் தெளியவில்லை என்றால் கண்புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம்.

தூரப் பார்வையையும் பார்த்துவிடுங்கள். வடசேரி பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, உள்ளே நுழையும் பஸ்ஸின் நெற்றியில் எழுதிய ஊர்ப் பெயர் எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று கூட வந்தவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயர் தெளிவாகத் தெரிந்து, கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டில் உள்ள எண் மட்டும் தெரியவில்லை என்றால் படிக்கும் கண்ணாடி மட்டும் போதும். இரண்டும் தெரியவில்லை என்றால் உங்களுக்கு இரண்டு பவர் தேவை.

அளவுநாடாவை எடுங்கள்

தையல்காரரிடம் இருக்குமே, அந்த நாடா போதும். நீங்கள் தினமும் செய்யும் வேலைக்கு உட்காருங்கள், அல்லது நில்லுங்கள். உடம்பை வளைக்காமல், கழுத்தை நீட்டாமல், கண்ணாடி இல்லாத காலத்தில் எப்படிச் செய்தீர்களோ அப்படி. வீட்டில் உள்ள ஒருவர் உங்கள் புருவத்தின் வெளி ஓரத்திலிருந்து, கைவேலை இருக்கும் இடம்வரை நாடாவைப் பிடிக்கட்டும். அளவைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகமோ செய்தித்தாளோ படிப்பவருக்கு அது 40 சென்டிமீட்டர் அருகில் வரும். ஊசி வேலைக்கும் நகை வேலைக்கும் 30 முதல் 35. மடியில் வலையை விரித்து வேலை செய்பவருக்கு 50, சில சமயம் அதற்கும் மேல். கணினித் திரைக்கு 60 முதல் 70.

இந்த எண்ணைப் பவராக மாற்றும் கணக்கு சுலபமானது. 100-ஐச் சென்டிமீட்டர் அளவால் வகுத்தால் அந்தத் தூரத்துக்குத் தேவையான பவர், அதன் அலகான டயாப்டரில் வரும். 40 சென்டிமீட்டருக்கு 2.50, 50-க்கு 2.00, 66-க்கு 1.50, 33-க்கு 3.00. தூரப் பார்வை சரியாக இருக்கும் அறுபதைக் கடந்தவருக்கு, இயற்கை லென்ஸ் ஒத்துழைக்காததால், ஏறக்குறைய இதுவே கண்ணாடிப் பவர். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அவர் கண் இன்னும் ஒரு பங்கு வேலை செய்யும். ஆகவே படிக்க அவருக்கு 1.00 முதல் 1.50 வரை போதுமானதாக இருக்கும். ஐம்பதை ஒட்டி 1.75 அல்லது 2.00 ஆகலாம்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் அடிக்கடி கேட்கிற ஒரு புகாருக்கு விடை கிடைத்துவிடும். படிக்கப் போட்ட 2.50 கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறுபது வயது அண்ணன் வலை கட்ட உட்காருகிறார். வெளிறிய நைலான் இழை அவருக்கு இன்னும் மங்குகிறது. குனிந்து வலையை முகத்தருகே கொண்டுவந்தால் தெரிகிறது, ஆனால் ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. "இந்தக் கண்ணாடி எனக்குச் சேரவில்லை" என்று அலமாரியில் போட்டுவிடுகிறார். கண்ணாடியில் குறை இல்லை. அது 40 சென்டிமீட்டருக்குச் செய்தது. அவர் வேலையோ 55-ல் இருக்கிறது. அவருக்கு 1.75 அல்லது அதை ஒட்டிய பவரில் வேலைக்கென்று இன்னொரு கண்ணாடி வேண்டும். இரண்டு கண்ணாடி என்பது ஆடம்பரம் இல்லை. மண்வெட்டியும் அரிவாளும் தனித்தனியாக வைத்திருக்கிறோம் அல்லவா?

பவர் கூடுதலாக இருந்தால் நல்லது என்ற எண்ணமும் தவறு. பவர் கூடினால் எழுத்து பெரிதாகத் தெரியும், ஆனால் தெளிவு இருக்கும் தூரம் சுருங்கிவிடும். உங்கள் வேலைத் தூரத்தில் வசதியாகத் தெரியும் பவர்களில் குறைந்ததையே தேர்ந்தெடுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் எங்கும் தனியார் கண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். தேவாலயங்களும் பள்ளிகளும் நடத்தும் கண் முகாம்களும் உண்டு. 1976-ல் தொடங்கிய தேசிய பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தில் வசதியற்ற முதியவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி இலவசமாக வழங்க இடம் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அது உங்களுக்கு உரியது.

அளந்து வைத்த தாளைக் கொண்டுபோங்கள். முடிந்தால் வேலைப் பொருளையும் எடுத்துச் செல்லுங்கள்: வலைத் துண்டு, பூ நார், ஒரு பிடிப் பருப்பு, தினமும் படிக்கும் வேதப் புத்தகம், எதுவாக இருந்தாலும் சரி. அய்யாவழிப் பதிகளில் ஏடு வாசிப்பவர் என்றால் ஏடு எங்கே வைக்கப்படும், எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பழைய கண்ணாடி இருந்தால் அதுவும் வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்த நோய், இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை ஏறியிருக்கும் நாட்களில் கண்ணின் பவரே தற்காலிகமாக மாறும். அந்த நேரத்தில் செய்த கண்ணாடி, சர்க்கரை இறங்கியதும் சரிப்படாது. முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சில வாரம் கழித்துக் கண்ணாடி எழுதி வாங்குவது நல்லது.

கருமணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கூசும், மங்கும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்; பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம்.

கொடுக்கும் சீட்டில் வலது, இடது என இரு வரிசை இருக்கும். எஸ்.பி.எச். என்பது அடிப்படைப் பவர்; கூட்டல் குறி இருந்தால் குவிலென்ஸ், கழித்தல் இருந்தால் கிட்டப்பார்வைக்கான குழிலென்ஸ். சி.ஒய்.எல். (சிலிண்டர்), ஆக்சிஸ் என்ற இரண்டும் கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாதவர்களுக்கு. ஆட் என்று இருப்பதுதான் படிப்பதற்காகச் சேர்க்கும் பவர். தூரத்துக்குக் கழித்தல் 1.00, ஆட் 2.00 என்று இருந்தால் படிக்கும் பவர் 1.00 ஆகிறது. தூரத்துக்குக் கழித்தல் 2.50 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினாலே 40 சென்டிமீட்டரில் படித்துவிடலாம். சீட்டைப் பத்திரமாக வையுங்கள், கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

கடையில்

பவர் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும் ரெடிமேட் கண்ணாடிகளை நான் குறை சொல்ல மாட்டேன். பரிசோதனை முடிந்து, இரு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் இல்லை என்று தெரிந்தவருக்கு அது நன்றாகவே போதும். விலை குறைவு என்பதால் சமையலறையில் ஒன்று, கட்டிலருகே ஒன்று என வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குக் கண் பவர் வேறுபடுகிறவர்களுக்கும் சிலிண்டர் உள்ளவர்களுக்கும் அது ஒத்துவராது. பரிசோதனையே செய்யாமல் ரெடிமேட் வாங்குவதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது: எழுத்து தெரிந்துவிட்டது என்று திருப்தியாகி, உள்ளே வளரும் கண் அழுத்த நோயைப் பார்க்காமலே விட்டுவிடுவோம்.

வாங்கும் முன் கண்ணாடியைக் கையில் நீட்டிப் பிடித்து, அதன் வழியாகக் கடையின் கதவுச் சட்டத்தைப் பாருங்கள். கண்ணாடியை மெல்ல ஆட்டும்போது சட்டத்தின் கோடு நெளிந்து உடைந்தால் லென்ஸ் சரியில்லை, வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

செய்து வாங்கும் கண்ணாடிக்கு, இரு கருமணிகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்தார்களா என்று கேளுங்கள். பி.டி. என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். லென்ஸின் மையம் கருமணிக்கு நேராக வராவிட்டால் சரியான பவரிலும் கண் வலிக்கும். பிளாஸ்டிக் லென்ஸே போதும். கண்ணாடி லென்ஸ் கனமானது, விழுந்தால் உடைந்து கண்ணில் படும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், ட்யூப் லைட் வெளிச்சத்தில் படிப்பவருக்கு வித்தியாசம் தெரியும். நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸுக்கு நான் பணம் தர மாட்டேன். கணினி பார்ப்பதால் வரும் கண் சோர்வை அது குறைப்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பாய்வு சொல்லிவிட்டது.

தூரம், கிட்டம் இரண்டுக்கும் பவர் உள்ளவர்களுக்கு, மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் ஒரே லென்ஸில் இரண்டு பவர் உள்ள பைஃபோகல் வரும், அல்லது கோடு தெரியாத புரோகிரசிவ். புரோகிரசிவ் லென்ஸில் பக்கவாட்டில் உருவம் நெளியும். பழகச் சில நாள் முதல் இரண்டு வாரம்வரை ஆகும். மரமேறுகிறவர், வள்ளத்தில் போகிறவர், கட்டட வேலை செய்கிறவர் வேலை நேரத்தில் இவை இரண்டையும் தவிர்ப்பது நல்லது. கீழே பார்க்கும்போது படிக்கும் பகுதி கண்ணுக்கு நேரே வந்து, காலடி மங்கிவிடும்.

பிரேமைப் பொறுத்தவரை நம் கடலோரத்துக்கென்று ஒரு கவனம் தேவை. முட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ குடியிருப்பவருக்குக் காற்றிலேயே உப்பு இருக்கிறது. மலிவான உலோகப் பிரேமில் திருகு துருவேறும், மூக்கில் படும் பகுதி பச்சை பூக்கும், வியர்வையோடு சேர்ந்து தோலில் அரிப்பும் தரும். ஷெல் எனப்படும் பிளாஸ்டிக் பிரேம் எடுங்கள். உலோகம்தான் பிடிக்கும் என்றால் துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியம். குனிந்து வேலை செய்பவர் கழுத்தில் ஒரு கயிறு கட்டிக்கொள்வது அவசியம்.

அன்றாடம்

முந்தானையாலும் வேட்டி முனையாலும் துடைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். காய்ந்த உப்பும் மணலும் லென்ஸில் ஒட்டியிருக்கும்போது துடைத்தால் ஒவ்வொரு துடைப்பும் ஒரு கீறல். முதலில் குழாய்த் தண்ணீரில் அலசி, ஒரு துளி மென்மையான சோப்பு தடவி, மறுபடி அலசி, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள். சூட்டில் பூச்சு வெடிக்கும்.

கண்ணாடியைப் படிப்பதற்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டாம். சாளை மீனில் முள் எடுக்கும்போது, அரிசியில் கல் பார்க்கும்போது, காலில் புண் இருக்கிறதா என்று சர்க்கரை நோயாளி பார்க்கும்போது, எல்லாம் அது வேண்டும். மாத்திரை அட்டையைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டி, "மக்களே, இதில் தேதி என்ன போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்லு" என்று கேட்கும் அம்மைமார் நம் தெருவெங்கும் இருக்கிறார்கள். வெள்ளி அட்டையில் நிறமில்லாமல் அழுத்தி எழுதிய தேதியைப் பையனும் தவறாகப் படிக்கலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள மருந்துக்கான சிரிஞ்சும் 100 யூனிட் உள்ள மருந்துக்கான சிரிஞ்சும் வேறு வேறு. முதலாவதற்குச் சிவப்பு மூடி, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. விளக்கு வெளிச்சத்தில் அந்த இரண்டு நிறமும் ஒன்றுபோலத் தோன்றும். இன்சுலின் இருக்கும் இடத்திலேயே ஒரு கண்ணாடி நிரந்தரமாக இருக்கட்டும். கோடு தெளிவாகத் தெரியாமல் மருந்தை ஏற்றாதீர்கள்.

வெளிச்சமும் கண்ணாடி அளவுக்கு முக்கியம். இருபது வயதில் விழித்திரைக்குப் போகும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போகிறது. விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து தாளின் மேல் விழ வேண்டும், முகத்தில் விழக் கூடாது. பால் வெட்டுகிறவர்கள் தலை விளக்கின் பேட்டரி மங்கும்வரை காத்திருக்காமல் மாற்றுவது நல்லது.

படிக்கும் கண்ணாடியோடு எழுந்து நடக்காதீர்கள், படி இறங்காதீர்கள், வண்டி ஓட்டவே ஓட்டாதீர்கள். தூரம் மங்கலாகத்தான் தெரியும். அது கோளாறு இல்லை, அதன் இயல்பு.

எப்போது உடனே மருத்துவரிடம்

திடீரென்று மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது: இவை விழித்திரை பிரிவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து கண் வலித்தாலும் அப்படியே. கதவு நிலை, மின்கம்பம் போன்ற நேர்கோடுகள் வளைந்து தெரிந்தால் அந்த வாரத்துக்குள்.

இன்னொன்றைப் பலர் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல ஆண்டுகள் கண்ணாடி போட்டுப் படித்த பெரியவர், ஒரு நாள் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது என்று மகிழ்கிறார். கண்புரை முற்றும்போது லென்ஸின் நடுப்பகுதி அடர்ந்து கிட்டப்பார்வை உண்டாவதால் பெரும்பாலும் இது நடக்கிறது. அவரது தூரப் பார்வை அதே வேகத்தில் மங்கிக்கொண்டிருக்கும். அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்; அறுவை சிகிச்சை எளிது.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர் நாற்பதுக்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்டினால் போதும். சர்க்கரை உள்ளவர் ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேட்டுப் பெற வேண்டும், கண்ணாடிப் பவர் மாறாவிட்டாலும்.